அரிட்டாபட்டி மலைக்கு முதல் முறை போகிறீர்களா? தண்ணீர் போன வழியே நடங்கள்

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து மேலூர் பேருந்தில் ஏறி இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை படுத்துக்கிடக்கும். தும்பிக்கையை நீட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மரம்கூட இல்லாத ஒற்றைப் பாறை. அதற்கப்புறம் மேலூர் வரைக்கும் வயலுக்கு நடுவே இதே மாதிரி மொட்டைக் குன்றுகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்துவிட்டு போனுக்குத் திரும்பிவிடுவார்கள். மண் மலை என்றால் காடு இருக்கும், அருவி இருக்கும். பாறையில் என்ன இருக்கப்போகிறது?

மேலூர்ப் பக்கம் இப்படிக் குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டிக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவரும் இதைத்தான் சொன்னார்: "ஒரு குகை, நாலு எழுத்து, அவ்வளவுதானே." விசாரித்தால், ஏப்ரல் மாதம், பகல் 12 மணிக்குப் போயிருக்கிறார். வண்டியை நிறுத்தி, நேரே குகைக்கு ஏறி, படம் எடுத்து, இறங்கிவிட்டார். அந்த நேரத்தில் அந்தப் பாறையில் பல்லிகூட வெளியே தலை காட்டாது.

முதல் முறை போகிறவர்கள் இதே தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாறைக்குன்றில் தண்ணீர் எங்கே விழுந்து, எங்கே வடிந்து, எங்கே தங்குகிறது என்று பாருங்கள். மற்ற எல்லாம் அந்த வழியிலேயே உங்களுக்குத் தென்படும். சமண முனிவர்களும் வல்லூறுகளும் கண்மாய் வெட்டியவர்களும் அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் பிடித்தார்கள்.

கிளம்புவதற்கு முன்

ஊர் மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. மேலூர் வட்டம். மேலூருக்கு மாட்டுத்தாவணியிலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. அங்கிருந்து ஊருக்குள் போகும் பேருந்துகள் இடைவெளி விட்டுத்தான் வரும். அதனால் இறங்கும்போதே நடத்துநரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டி இருந்தால் வசதி.

மாதம் முக்கியம். இந்தப் பக்கம் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் சுனைகளில் தண்ணீர் இருக்கும், கண்மாயில் பறவை இருக்கும், வெயிலும் தாங்கும். மழை பெய்யும் நாளில் ஏற வேண்டாம். கோடையில்தான் போக முடியும் என்றால் விடியும்போது மலையடியில் இருங்கள், 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். காய்ந்த பாறை மதியத்தில் தோசைக்கல்தான்.

பையில் என்ன? ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ, டார்ச். இந்த டார்ச் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பைனாகுலர் இருந்தால் கட்டாயம். சாக்பீஸ், பெயின்ட், ஸ்பீக்கர் இதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஊரில் இறங்கியதும் டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "அண்ணே, கல்வெட்டு இருக்கிற குகைக்கு எப்படிப் போகணும்? சிவன் கோயில் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை, நடக்க வேண்டும். கேட்காமல் மேப்பை நம்பிப் போனால் யாருடைய வரப்பிலாவது நிற்பீர்கள். "சமணர் படுக்கை" என்று கேட்டால் சில பெரியவர்களுக்குப் புரியாது, "பஞ்சபாண்டவர் படுக்கை" என்று சொல்லிப் பாருங்கள். மதுரை வட்டாரம் முழுக்க இப்படித்தான். வனவாசம் போன பாண்டவர்கள் படுத்த இடம் என்று கதை. வரலாற்றுப்படி அது வேறு ஆட்கள் படுத்த இடம். ஆனாலும் வழி கேட்கிற இடத்தில் பாடம் நடத்த வேண்டியதில்லை.

முதலில் மலைக்குப் போகாதீர்கள்

முதலில் கண்மாய்க்குப் போங்கள். கரைமேல் ஏறி நின்று மலையைப் பாருங்கள். குன்று முழுக்கக் கல்தான். விழுகிற மழையில் உள்ளே இறங்குவது கொஞ்சம், வெடிப்பு வழியாக மட்டும். மீதி எல்லாம் அப்படியே வழிந்து கீழே வந்துவிடும். அதாவது ஒவ்வொரு குன்றும் வீட்டு மொட்டைமாடி மாதிரி. கண்மாய்தான் கீழே வைத்த அண்டா.

இந்த ஒரு கணக்கைத்தான் இந்த ஊரை ஆண்டவர்களும் வாழ்ந்தவர்களும் போட்டிருக்கிறார்கள். அரிட்டாபட்டியைச் சுற்றி 7 குன்றுகள். அவற்றின் நீர்ப்பிடிப்பில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பிலேயே இருக்கிறது. பாண்டியர் காலத்தது என்று சொல்லப்படும் ஆனைகொண்டான் கண்மாய் இவற்றில் ஒன்று. பெரியாறு அணை 1895 இல் திறந்து, அந்தத் தண்ணீர் மேலூர் பக்கம் வாய்க்காலில் ஓட ஆரம்பித்தது வேறு கதை. குன்றடி ஊர்களின் கதை அதற்கு ரொம்ப முந்தியது, வானத்தையும் கல்லையும் நம்பியது.

கரையில் நின்றபடியே இன்னொன்றையும் கவனியுங்கள். பாறையின் உச்சியிலிருந்து கீழே வரைக்கும் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் இறங்கும். யாரோ தாரை ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும். மழைநீர் வழக்கமாக வடிகிற தடம் அது. அந்த ஈரத்தை நம்பி நீலப்பச்சைப் பாசி என்ற நுண்ணுயிர் பாறைமேல் படர்கிறது. காய்ந்தால் கறுப்பாகிக் கிடக்கும், நனைந்தால் மறுபடி உயிர் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு வரைபடமே தேவையில்லை. மலையின் நீர்வழிகள் எல்லாம் பாறையிலேயே கறுப்பு மையில் வரைந்திருக்கின்றன.

ஏறும்போது

இந்தக் கோடுகளின் மகிமையை நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை போனபோது முந்தின ராத்திரி தூறல். வெள்ளையாக இருந்த பாறை சொரசொரப்பாக இருந்தது, நம்பி நடந்தேன். கறுப்புத் தடத்தில் கால் வைத்ததும் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் 5 அடி கீழே போய், முழங்கை தேய்ந்து நின்றேன். சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பதறாமல் சொன்னார்:

"கறுப்புல கால் வைக்காத தம்பி. வெள்ளையில வையி. ஆட்டப் பாரு, அதுக்குத் தெரியுது."

உண்மைதான், ஆடுகள் ஒன்றுகூட அந்தக் கோட்டை மிதிக்கவில்லை. பாறை ஏற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இறங்கும்போது இன்னும் கவனம். நேராக இறங்காமல் சரிவுக்குக் குறுக்கே சாய்வாக இறங்குங்கள்.

மூச்சு வாங்க நிற்கும்போது கல்லைப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகப் பட்டை பட்டையாக, சில இடத்தில் மடிப்பு மடிப்பாக, மசாலா கலக்கிய மாவு மாதிரி ஓடும். மதுரை வட்டாரத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் முட்டிக்கொண்ட காலத்தில், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்தவை. அப்போது குழைந்த மடிப்புதான் இது. மேலே இருந்த சுமை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, உள்ளே அழுத்தத்தில் இருந்த கல் வெளியே வந்து லேசாக விரிந்தது. விரியும்போது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிளக்கிறது. குன்றுகள் எல்லாம் இப்படி உருண்டையாக, மொழுமொழுவென்று இருப்பதற்குக் காரணம் அதுதான். குகை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் குகை இல்லை. ஒரு தோல் கழன்று விழுந்த இடம், அல்லது ஒரு பெரிய குண்டுக்கல் இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிற இடுக்கு. ஊரில் இதைப் புடவு என்பார்கள்.

வெள்ளைக் கல்லில் குங்குமத்தைத் தெளித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது கார்னெட் என்ற கனிமம். மேலூர்ப் பக்கம் வெட்டியெடுத்த இந்த மாதிரிக் கல் சந்தையில் "காஷ்மீர் ஒயிட்" என்ற பெயரில் விற்கும். காஷ்மீருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

சரி, சுனைக்கு வருவோம். தட்டையான இடங்களில் தாம்பாளம் அளவிலிருந்து தெப்பக்குளம் அளவு வரை குழிகள் இருக்கும். ஒரு சின்னப் பள்ளத்தில் மழைநீர் தேங்கினால், அது கல்லில் இருக்கும் சில மணிகளை மெதுவாகக் களிமண்ணாக்கிவிடும். காய்ந்ததும் காற்று அந்தப் பொடியை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த வருஷம் குழி ஒரு மயிரிழை ஆழமாகும். அப்படியே ஆயிரக்கணக்கான வருஷம். கையளவுக் குழிதானே என்று தாண்டிப் போகாதீர்கள், ஒரு நிமிஷம் குந்தி உட்காருங்கள். அடியில் இருக்கும் அந்த ஒரு விரற்கடை வண்டலில் கோரைப்புல் முளைத்திருக்கும், தலைப்பிரட்டை ஓடும். இப்படிப்பட்ட குழிகளில் நகக்கண் அளவு இறால் போன்ற சிற்றுயிர்கள்கூட உண்டு. தண்ணீர் வற்றினால் அவை செத்துப்போகும், முட்டைகள் மட்டும் காய்ந்த சேற்றிலேயே கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் காய்ந்த குழியையும் மிதிக்காதீர்கள், குப்பையைப் போடாதீர்கள். தண்ணீர் உள்ள சுனையில் காலை விடவும் வேண்டாம். அதைக் குடிக்கிற உயிர்கள் ராத்திரி வரும்.

குகைத்தளத்தில் என்ன பார்ப்பது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 1 மணி நேரம்.

உள்ளே நுழைவதற்கு முன் வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள். குகையின் நெற்றியில், புருவம் வரைந்த மாதிரி ஒரு வெட்டு ஓடும். தொல்லியல்காரர்கள் அதைக் காடி என்பார்கள். இப்போது அந்தக் கறுப்புக் கோடுகள் ஞாபகம் வருகிறதா? மேலிருந்து இறங்கி வருகிற கறுப்பு, காடி வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே பாறை வெளுப்பாக இருக்கும். பாறைச்சரிவில் வழிகிற தண்ணீருக்கு ஒரு குணம், கல்லை ஒட்டிக்கொண்டே உள்பக்கம் வரை வந்துவிடும். விளிம்பில் கூராக ஒரு வெட்டு விட்டால், ஒட்ட இடமில்லாமல் அங்கேயே சொட்டிவிடும். இன்று வீடு கட்டும்போது சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் ஒரு பள்ளக்கோடு இழுக்கிறாரே, அதே வேலைதான். 2,000 வருஷத்துக்கு மேல் ஆகியும் உள்ளே ஒழுகவில்லை. என் வீட்டு சன்ஷேடு 3 வருஷத்தில் ஒழுகியது.

உள்ளே தரையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைத் தேடுங்கள். சமண முனிவர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் விலக்கு. ஈரத்தில் முளைத்து நெளிகிற உயிர்களை மிதித்துவிடக் கூடாதே என்று அந்த மாதங்களில் ஓரிடத்தில் ஒதுங்குவார்கள். மழைக்கு ஒதுங்குகிற ஆளுக்கு என்ன வேண்டும்? ஒழுகாத கூரை, பக்கத்தில் சுனை, கொஞ்ச தூரத்தில் பிச்சை போட ஓர் ஊர். மூன்றும் இங்கே இருந்தன. ஒரு படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தால் இது சட்டென்று விளங்கும். படுக்கைமேல் படுத்துப் படம் எடுக்காதீர்கள். எல்லோரும் படுத்துத்தான் பல இடங்களில் விளிம்பு தேய்ந்திருக்கிறது.

அடுத்து எழுத்து. இங்கே தமிழி கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழின் மிகப் பழைய எழுத்து அது, தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி. முதல் முறை போகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதன் கீழேயே நின்றுகொண்டு "எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். கல்லும் எழுத்தும் ஒரே நிறம், வெட்டும் ஆழமில்லை. இதற்குத்தான் டார்ச். நேராக அடிக்காதீர்கள், அடித்தால் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். பாறைக்குப் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி சாய்த்து அடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். காலை, மாலைச் சாய்வெயிலும் இதே உதவியைச் செய்யும். சாக்பீஸால் எழுத்தைப் பூசுவது பழைய கெட்ட பழக்கம். பூசுகிறவர் தனக்குத் தோன்றியதைப் பூசுவார், அடுத்து வருகிறவர் அதைத்தான் படிப்பார்.

ஐந்து எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள், போதும். கூட்டல் குறி மாதிரி இருந்தால் க. ஒற்றைச் செங்குத்துக் கோடு ர. கவிழ்த்துப் போட்ட ஆங்கில டி எழுத்து மாதிரி இருந்தால் ந. ஆங்கில சி மாதிரி வளைந்தால் ட. கப்பல் நங்கூரம் அல்லது சூலம் மாதிரி தெரிந்தால் ய. இந்தப் பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. அதனால் க என்பதா க் என்பதா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் எழுத்தை நீங்களே கண்டுபிடிக்கிற நொடியில் வருகிற சந்தோஷத்தை நான் சொல்லப்போவதில்லை, போய்ப் பாருங்கள்.

என்ன எழுதியிருக்கிறது? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நெல்வேலியைச் சேர்ந்த அதினன் வெளியன் என்பவன் இந்த முழையைக் கொடுப்பித்தான் என்கிறது ஒன்று. இன்னொன்றில் இலஞ்சி ஊர்க்காரன் எமயவன் கொடுத்ததாக வருகிறது. முழை என்றால் குகை. கல்வெட்டில் அது "முழாகை" என்று நிற்கிறது, கொடுத்தவன் "கொடுபிதோன்" ஆகிறான். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதற்கு இவர்கள்தான் முன்னோடிகள். எனக்கு ஆச்சரியம் ஊர்ப் பெயர்கள்தான். நெல்வேலியும் இலஞ்சியும் தெற்கே பொருநைச் சீமையை, அதாவது தாமிரபரணி ஓடும் திருநெல்வேலிப் பக்கத்தை, நினைவூட்டுகிற பெயர்கள். அங்கிருந்து வந்த ஆள் மேலூர்ப் பக்கத்துப் பாறையில் காசு செலவழித்திருக்கிறான் என்றால், இந்தக் குன்றுகளை ஒட்டி ஆள் நடமாட்டமும் வியாபாரமும் இருந்திருக்க வேண்டும். பக்கத்து அழகர்மலைக் குகையில் போய்ப் பார்த்தால் சந்தேகமே வராது. மதிரையை, அதாவது மதுரையைச் சேர்ந்த உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்கும் பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று ஒரு கடைத்தெருவே அங்கே கல்லில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி.

"பாதிரிக்குடியார் இரட்சை"

அதே இடத்தில் பாறையில் புடைப்பாக, சமணர் வழிபடும் தீர்த்தங்கரர் ஒருவரின் உருவம் இருக்கும். சம்மணமிட்டு, கண் மூடி, அசையாமல். படுக்கைகளுக்கும் இதற்கும் ஏறத்தாழ ஆயிரம் வருஷ இடைவெளி. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டில் அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது. மதுரையைச் சுற்றி இன்னும் பல குன்றுகளில் இவர் பெயரைப் பார்ப்பீர்கள், அலுக்காமல் சுற்றிய மனிதர். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. இந்த மலைக்குத் திருப்பிணையன் மலை என்ற பெயர் இருந்தது அதிலிருந்துதான் தெரிகிறது. கடைசியில் வருவது இது: "பாதிரிக்குடியார் ரட்சை." அதாவது, இதைக் காப்பது பாதிரிக்குடி ஊராரின் பொறுப்பு. இந்த இரண்டு சொல்லை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடங்கள்.

குடைவரைச் சிவன்

குடைவரைக் கோயில் முற்காலப் பாண்டியர் வேலை. கட்டவில்லை, பாறையைக் குடைந்து எடுத்தது. உள்ளே லிங்கமும் பாறையின் பகுதிதான். வாயிற்காவலர்களைப் பார்த்த பிறகு வெளியே பிள்ளையாரைப் பாருங்கள், அப்புறம் எதிர்ப்பக்கம் கையில் தடியோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள். அவர் லகுலீசர். பாசுபத சைவத்தின் குருவாகச் சொல்லப்படுபவர், குஜராத் பக்கத்தில் பிறந்தவர் என்பது மரபு. தமிழ்நாட்டில் இவருக்குச் சிற்பம் மிக அபூர்வம். ஒரே குன்றில் சமணரும் பாசுபதரும் இருந்தார்கள் என்பதை வைத்து யார் யாரை விரட்டினார்கள் என்று கதை கட்டுவது எளிது, ஆனால் இந்தப் பாறை அப்படி எதையும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், வழிபாடு நடக்கிற இடம்.

ஆள் சத்தம் இல்லாமல் அரை மணி நேரம்

செங்குத்துப் பாறைக்கு எதிரே, தள்ளி, நிழலில் உட்காருங்கள். பாறை முகத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு வழிந்த மாதிரி ஒரு திட்டு தெரிந்தால் அதற்கு மேலே கூடு இருக்கலாம். அந்த வெள்ளை எச்சம். இந்தக் குன்றுகளில் சுமார் 250 பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்று முக்கியம்: லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு. மூன்றுமே பாறை விளிம்பை விரும்பி நம்மை வெறுக்கிற பறவைகள். குஞ்சு பொரிக்கும் பருவம் பெரும்பாலும் நாம் சுற்றிப் பார்க்கப் போகிற அதே குளிர்காலம்தான். கூட்டுக்குக் கீழே நின்று கத்தினால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், குஞ்சு வெயிலில் வாடும். டிரோன் பறக்க விடுகிறவர்களைக் கண்டால் தயவுசெய்து கண்டியுங்கள்.

கண்ணுக்கு எளிதில் கிடைப்பவர் பாறை ஓணான். சாதாரண நாளில் கல் நிறம். வெயில் ஏறின காலத்தில் ஆண் ஓணான் முதுகில் ஆரஞ்சும் சிவப்பும் ஏற்றிக்கொண்டு, பக்கவாட்டைக் கறுப்பாக்கி, பாறை உச்சியில் தண்டால் எடுக்கும். எதிரி வந்தால் ஒரு நிறம், துணை வந்தால் வேறு நிறம், மாறுவதற்குச் சில நொடி போதும். தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் இங்கே உண்டு, பகலில் பார்க்க முடியாது. ஓர் எச்சரிக்கை: பாறைப் பிதுக்கத்துக்கு அடியில் மலைத்தேனீ அடை தொங்கினால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே சிகரெட், சென்ட், கல்லெறிதல் எதுவும் ஆகாது.

ஊரும் பாறையும்

நவம்பர் 2022 இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இதை அரசு அறிவித்தது. அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு அது. 2 வருஷம் கழித்து, நவம்பர் 2024 இல், இதையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் எடுக்க ஒன்றிய அரசு ஏலம் விட்டது தெரியவந்தது. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் எல்லாம் எழுந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் பேரணி போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்த "ரட்சை" கல்வெட்டைப் படித்துவிட்டு இந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள்.

போகிறவர்களுக்கு இதில் ஒரு நடைமுறை விஷயமும் உண்டு. ஊர்க்காரர்கள் வெளியாட்களை இரண்டாவது தடவை பார்ப்பார்கள். பை நிறையக் கருவியோடு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தால் கேள்வி வரும், வரட்டும். யார், எதற்கு வந்தோம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அதே ஆள் உங்களுக்குச் சுனையைக் காட்டிக் கொடுப்பார். கல் துண்டு, ஓடு எதையும் எடுத்து வராதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட இடம், அது குற்றமும்கூட.

அடுத்த தடவைக்கு

ஒரே நாளில் நாலு குன்று பார்க்கிற ஆசை வேண்டாம். இரண்டாவது பயணத்துக்கு மீனாட்சிபுரம் மலையை வைத்துக்கொள்ளுங்கள், மாங்குளம் கல்வெட்டுகள் என்று புத்தகங்களில் வருவது இதுதான். 1882 இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டு சொன்னது. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், கணிநந்தன் என்ற முனிவர் பெயரும், வெள்ளறை ஊர் வணிகர் குழுவைக் குறிக்கும் "நிகமம்" என்ற சொல்லும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஏற்றம் அரிட்டாபட்டியைவிடக் கடினம், தனியாகப் போகாதீர்கள்.

மூன்றாவது தடவை, பேருந்து ஜன்னலில் பார்த்த அந்த யானைமலை. அங்கே உள்ள தமிழி கல்வெட்டு மலையை "இவகுன்றம்" என்கிறது. இவம் என்றால் யானை. நமக்கு யானையாகத் தெரிகிற பாறை 2,000 வருஷத்துக்கு முன் இருந்தவனுக்கும் யானையாகவே தெரிந்திருக்கிறது. மலையடியில் நரசிங்கம் குடைவரை, கி.பி. 770 இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி தொடங்கியது. முடிக்குமுன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார்.

அரிட்டாபட்டியில் மாலை 5 மணிக்குள் இறங்கிவிடுங்கள். பேருந்துக்கு நேரம் இருந்தால் மறுபடி கண்மாய்க் கரைக்கு வாருங்கள். காலையில் வெறும் கறுப்புக் கோடாகத் தெரிந்தவற்றில் ஒன்றைப் பிடித்து, உச்சியிலிருந்து கண்ணாலேயே இறங்கி வாருங்கள்: எந்தச் சுனையில் நிரம்பி வழிகிறது, எந்தக் குகையின் காடியில் சொட்டுகிறது, எந்த ஓடையில் சேர்ந்து, எந்த மடைக்கு வருகிறது. என்னால் இதுவரை மூன்று கோடுகளைத்தான் கடைசி வரைக்கும் பிடிக்க முடிந்திருக்கிறது.